குடிக்காமல் போட்ட டிக்

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை ஜன்னலைச் சாத்த, ஒரு முறை அதையே திறக்க. மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருடம் பீர்க் குழாய்களுக்குப் பின்னால் நின்ற கால்கள் இவை. ஓய்வு கொடுத்தாயிற்று என்று சொன்னால் கேட்க மாட்டேன் என்கின்றன. மலாக்கா டவுனில் நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஆகையால் இது கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் நின்றும்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தவுக்கேதான், நம் முதலாளிதான், கேட்டார். "அண்ணே, பிள்ளைங்களுக்கு டேஸ்ட் பண்றதப் பத்தி எழுதிக் குடுங்களேன். நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க." நியாலாஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். அவர் சொன்னால் தட்ட முடியாது.

பீப்பாயை எப்படி மாட்டுவது, குழாயை எப்போது கழுவுவது, நுரை எத்தனை விரல் உயரம் என்பதெல்லாம் குளிரறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது கதவில் ஒட்ட முடியாத விஷயம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லாரி ஓட்டினவன். சிம்பாங் அம்பாட், ஜாசின், நியாலாஸ் என்று கடை கடையாக பீர்ப் பெட்டி இறக்கினவன். அப்போது எனக்கு பீரில் இரண்டே ரகம்தான்: சில்லென்று இருப்பது, சில்லென்று இல்லாதது. தவுக்கே இந்தக் கடையைத் திறந்து, சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர்களைக் கொண்டுவந்தபோது எனக்கும் ஒரு குவளை நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னா தவுக்கே, வேப்பங்கொழுந்த கரைச்சு ஊத்திட்டானா?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாயில பட்டதும் பட்டுனு சொல்ற ஆளுதான்லா எனக்கு வேணும்" என்று மறுவாரமே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ருசிக்கு ஆங்கிலத்தில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் வாயில் நிற்கவில்லை. அதனால் குடிக்க வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தேன். புளிப்பு பீரைக் குடித்த செர்காம் மீன்காரர், "ஊறுகா ஜாடிய தொறந்ததும் கன்னத்துக்குள்ள ஒரு தண்ணி ஊறுமே, அது" என்றார். கறுப்பு பீருக்கு ஒரு டீச்சர் சொன்னது: "அடிப்பிடிச்ச பால் சட்டிய சொரண்டித் தின்ன மாதிரி இருக்கு அங்கிள். அம்மா திட்டுவாங்க, ஆனா விட மனசு வராது." ஒரு பஸ் டிரைவர் இருந்தார். மெல்லிய பீர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "பேச்சுத் துணைக்கு நல்ல பீரு இது. குறுக்கப் பேசாது" என்றார். நான் படித்த படிப்பு அந்த நோட்டுதான்.

நீங்களும் குடித்துப் பழகுங்கள், ஆனால் அவசரம் வேண்டாம். குளிரறையிலிருந்து வந்த சூட்டோடு — சில்லிப்போடு என்று சொல்ல வேண்டும், பாருங்கள், கை ஓடுகிற வேகம் — அப்படியே குடித்தால் நாக்கு மரத்துப்போகும். குவளையை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வாய் எடுத்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அந்த முதல் வாயைத் தாகம் எடுத்துக்கொண்டுவிடும். இரண்டாவது வாயில்தான் பீர் பேசும். சந்தோஷமும் அதில்தான், கோளாறு தெரிவதும் அதில்தான்.

அதற்காகத்தான் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த வெள்ளைப் பலகை. காலையில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் முதல் குவளையை ஒருவர் குடித்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் குழாயின் எண்ணுக்கு நேரே ஒரு டிக், பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. சட்டத்தைப் போட்டவன் நான். முனியாண்டி என்பதால் 'மு'. பல வருடம் அந்தப் பலகை முழுக்க 'மு'தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடம் என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்துகொண்டே வேண்டிக்கொண்டேன். இவள் நல்லபடியாக எழுந்து வந்தால் மாசி மகத்துக்குப் பால் காவடி எடுக்கிறேன், அதற்கு முன் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதம் இருக்கிறேன் என்று. அவள் எழுந்து வந்தாள். நானும் விரதத்தைத் தொடங்கினேன். சைவச் சாப்பாடு, தரையில் பாய், காலையில் கோயில். பீர் ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது.

கடையில் கேலிக்குக் குறைவில்லை. "விரதம் இருந்துகிட்டு பீரு ஊத்துற ஒரே சாமி மலாக்காவுலயே நீங்கதான்லா அங்கிள்!" என்பார்கள். "ஊத்துறது வேலைடா. குடிக்கிறதுதான் ஆகாது" என்று நானும் விடமாட்டேன்.

முதல் நாளே தவுக்கே கேட்டார். "அண்ணே, அப்ப காலையில டேஸ்ட்?"

"அத நான் பாத்துக்கிறேன் தவுக்கே."

இந்த ஒரு வரியை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரையாவது குடிக்கச் சொல்லி நான் ஏற்பாடு செய்வேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கோ அப்படி ஒரு எண்ணமே இல்லை. அறுபதைத் தாண்டியவன் நான். பீப்பாயைத் தூக்க இடுப்பு ஒத்துழைப்பதில்லை. கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும். மிச்சம் இருந்தது இந்த நாக்கு ஒன்றுதான். நாற்பத்தெட்டு நாள் பலகையில் வேறு எழுத்து விழுந்தால், நாற்பத்தொன்பதாம் நாள் நான் யாருக்குத் தேவைப்படுவேன்? அந்தப் பயத்தில் முதல் குவளையை முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பீப்பாயில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது. மூக்கிலேயே பிடித்துவிட்டேன். தவுக்கே தட்டிக்கொடுத்தார். அன்று அது தப்பியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. மூக்கு போதும் என்ற தைரியம் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் தேவிகாவின் பீர் நம் கடைக்கு வந்தது. சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே சின்னத் தோட்டம், லீமாவ் கஸ்தூரி மரங்கள். ஒரு கையுறை ஆலையின் ஆய்வகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சிலாங்கூரில் யாருடைய ஆலையிலோ ஒரு தொட்டியை வாடகைக்கு எடுத்து, அந்தச் சின்ன எலுமிச்சையின் தோலைப் போட்டு வெளிர் நிற பீர் காய்ச்சினாள். மூன்று முறை காய்ச்சிக் கொட்டியிருக்கிறாள். நான்காவதைத்தான் வெளியே விட்டாள். நிரந்தரமாக வாங்க ஒருவர் அமையாவிட்டால் தொட்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆலைக்காரர் சொல்லிவிட்டார். அவளுடைய பீர் ஓடிய ஒரே கடை நம்முடையது. அதனால் கோலாலம்பூரிலிருந்து குணா என்பவர் ருசி பார்க்க இங்கேயே வருவதாக ஏற்பாடு. நான்கைந்து ஓட்டல்களுக்கு பீர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவர். சனிக்கிழமை மதியம் மூன்று மணி. அவர் தலையாட்டினால் தொட்டி அவளுக்கு. ஆட்டாவிட்டால் இல்லை.

எனக்கு அது விரதத்தின் நாற்பத்தொன்றாம் நாள்.

அன்று காலை கோயிலில் நெய் விளக்கு ஏற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். ஐந்தாம் குழாய் தேவிகாவுடையது. முந்தின நாள் அதில் யாரும் கேட்கவில்லை, பீர் குழாய்க்குள்ளேயே நின்றிருக்கிறது. குவளையில் பிடித்து முகர்ந்தேன். எலுமிச்சைத் தோல் வாசம். அதற்கு அடியில் லேசாக நெய். நெய்யா என்று என் விரல்களை முகர்ந்தேன். நெய்தான். விளக்கு ஏற்றிய கை. எனக்கே சிரிப்பு வந்தது. முருகன் கூடவே வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு டிக் போட்டேன். 'மு'.

கை கழுவும் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. கழுவிவிட்டு இன்னொரு முறை முகர்ந்திருக்கலாம். வெளியே ஐஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போய்விட்டேன்.

மூன்று மணிக்கு குணா வந்தார். வெள்ளைச் சட்டை, அடக்கமான பேச்சு. தேவிகா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, உட்காராமல் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே துடைத்த மேசை. நான் ஐந்தாம் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

"கலர் நல்லா இருக்கு" என்றார் குணா. பொத்திவைத்தார், காத்திருந்தார், ஒரு வாய் குடித்தார். தெரிந்தவர்தான் என்று எனக்குப் பட்டது. இரண்டாவது வாய்க்குப் பிறகு குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தேவிகா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நெய் வாசம் வருது. வாயில வெண்ண பூசுன மாதிரி ஒட்டுது."

நெய் என்ற சொல் காதில் விழுந்ததும் என் விரல்களை நானே மடக்கிக்கொண்டேன்.

தேவிகா அதே குவளையை எடுத்துக் குடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஆமா சார்."

பிள்ளைகளே, இந்த நெய் வாசம் பீருக்குள் வர இரண்டு வழி உண்டு. காய்ச்சுகிறவர் அவசரப்பட்டுத் தொட்டியிலிருந்து சீக்கிரம் எடுத்தால் வரும். கடையில் குழாய் அழுக்காகி, பீர் அதில் தங்கி நின்றாலும் வரும். குணாவுக்கு இது தெரியாமல் இல்லை. தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார்.

"கொழாயில கோளாறோன்னு பாத்தேன். காலையில டேஸ்ட் பண்ணி டிக் போட்டிருக்கே? யாரு இந்த 'மு'?"

"நம்ம அண்ணன்தான்." தவுக்கே பெருமையோடு என் தோளைத் தொட்டார். "ஒம்பது வருசமா இவரு நாக்குக்கு ஒண்ணும் தப்புனதில்ல."

"அப்ப பீர்லதான்" என்றார் குணா.

தேவிகா பலகையைப் பார்த்தாள். பிறகு குவளையை. "என் தப்புதான் சார். தொட்டியில இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கணும். இந்தச் சனிக்கெழமைக்கு வந்து சேரணும்னு அவசரப்பட்டுட்டேன்." குரல் உடையாமல் இருக்க ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தாள்.

குணா கைப்பையை எடுத்தார்.

"சார், ஒரு நிமிசம்" என்றேன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்ன வார்த்தை அது. இன்னொரு குவளையை எடுத்து, அதே குழாயில் பிடித்து, என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

விரதம் முறியட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு வாய் குடித்து, 'இது குழாய்க் கோளாறு, காலையில் இப்படி இல்லை, இடையில் வந்திருக்கிறது' என்று சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். முருகன் பெரியவன், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காகத் தவறினேன் என்றால் பொறுத்துக்கொள்வான். நுரை மீசையில் பட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலையில் இப்படி இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? காலையில் நான் குடிக்கவே இல்லையே. இப்போது குடிப்பது அவளுக்காக இல்லை, அந்த டிக்கைக் காப்பாற்றத்தான். விரதத்தையும் முறித்து, பொய்க்கும் காவல் நிற்கப்போகிறேன்.

குவளையைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் துடைத்தேன்.

"சார், காலையில நான் குடிக்கல. நாப்பத்தொரு நாளா குடிக்கல. விரதம். மோந்து பாத்துட்டு டிக் போட்டேன். நெய் வாசம் காலையிலயும் வந்துச்சு. கோயில்ல வெளக்கு ஏத்துன கைன்னு நெனச்சு விட்டுட்டேன்."

தவுக்கேயின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"அப்ப அந்தப் பலகை எதுக்கு அங்கிள்?" என்றார் குணா. கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

"என்னைய நம்ப வேணாம் சார். உள்ள இதே தடவ காய்ச்சுன இன்னொரு பீப்பா இருக்கு, தொறக்காதது. கொழாய் இல்லாம நேரா அதுலேருந்து ஊத்தித் தர்றேன். குடிச்சுப் பாருங்க. அதுலயும் நெய் வந்தா நீங்க கெளம்புங்க."

கையை சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். எல்லோரும் பார்க்க, குளிரறையிலிருந்து பீப்பாயை இழுத்துவந்து, கைக்குழாயை நேராக மாட்டி, மூன்று குவளை ஊற்றினேன். தேவிகாவுக்கு, தவுக்கேக்கு, குணாவுக்கு. குணா பொத்திவைத்தார். அந்தக் குளிர் இறங்கும் நேரம் இருக்கிறதே, அதுபோல நீளமான நேரத்தை நான் ஆஸ்பத்திரி நடைபாதையில்கூடப் பார்த்ததில்லை. மேசைக்கும் குழாய்க்கும் நடந்தேன். உண்மையிலேயே அவள் அவசரப்பட்டிருந்தால்? அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாளே. இரண்டு தப்பும் சேர்ந்திருந்தால்?

முதல் வாய். இரண்டாவது வாய். கண்ணை மூடினார்.

"சுத்தமா இருக்கு" என்றார். பிறகு அவராகவே, "மழைக்கு ஒதுங்கி நிக்கிறப்ப பக்கத்துல யாரோ எலுமிச்சய உரிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நோட்டில் எழுதத் தோன்றியது. கை வரவில்லை.

அவர் எடுத்துக்கொண்டார். தொட்டி தேவிகாவுக்குக் கிடைத்தது. கதை இங்கே முடிந்தால் எனக்கும் வசதி.

அவர் போனதும் தேவிகா கடை வாசலில் போய் நின்றாள். பின்னாலேயே போய், "மன்னிச்சிரு பிள்ள" என்றேன்.

"தொட்டி கெடச்சதுல சந்தோசம்தான் அங்கிள்." தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா அந்த மொத வாய் குடிச்சப்பவே இது என் பீரு இல்லன்னு என் நாக்கு சொல்லுச்சு. நான் அவசரப்படவே இல்ல. நாள் எண்ணித்தான் எடுத்தேன். ஒங்க டிக்கப் பாத்ததும், நாந்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சுட்டேன். செய்யாத தப்ப நானே ஒத்துக்கிட்டேன். ஒங்க 'மு'வ அவ்ளோ நம்பினேன் அங்கிள்."

அடி வாங்கியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

உள்ளே தவுக்கே ஐந்தாம் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், "நீங்க விரதம்னு எனக்குத் தெரியும். பலகையத் தெனம் பாக்கிறேன். ரெண்டையும் நான் சேத்துப் பாக்கலையே அண்ணே" என்றார். பிறகு பேனாவைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சம் ஏழு நாளும் வேறு ஆட்கள்தான் குடித்து டிக் போட்டார்கள். நான் நாற்பத்தெட்டு நாளையும் முடித்து, பால் காவடி எடுத்து, மறுநாள் வேலைக்கு வந்தேன். பேனா மறுபடியும் பலகையில் தொங்கியது. குடித்தேன், இரண்டு வாய். பிறகுதான் டிக் போட்டேன்.

யார் எதற்காக விரதம் இருந்தாலும் சரி, சளி பிடித்து மூக்கு அடைத்தாலும் சரி, மனசு சரியில்லாமல் ருசி தெரியாவிட்டாலும் சரி, கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் இன்னொருவர் வந்து குடிப்பார். டிக்கைப் பார்த்தால் யாரும் வர மாட்டார்கள். யாராவது 'அத நான் பாத்துக்கிறேன்' என்று சொன்னால், எப்படி என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

தேவிகா இப்போது இரண்டு தொட்டியில் காய்ச்சுகிறாள். பீப்பாய் வந்து இறங்கும் நாள் காலை தவறாமல் கடைக்குப் போன் வரும். நான் எடுப்பேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

"அங்கிள், குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எத்தன வாய்?"

"ரெண்டு."

"கை கழுவிட்டா?"

"கழுவிட்டுத்தான் பிள்ள."

அவள் சிரிக்கவே மாட்டாள். நானும் சிரித்ததில்லை.

வரும் வியாழக்கிழமை அவளுடைய புது பீர் நம் கடைக்கு வருகிறது. நான் அங்கே இல்லாமல் வரும் முதல் பீர். பதினொரு மணிவாக்கில் போன் அடிக்கும். அந்த நேரம் நான் வீட்டில் இந்த ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதுமாக இருப்பேன். உங்களில் யார் குடித்தீர்களோ அவரே எடுத்துப் பேசுங்கள். யாரும் குடிக்கவில்லையென்றால் அதையே சொல்லுங்கள். அவள் காத்திருப்பாள்.